தொண்டை நாட்டு மண்ணின் கதை – 19: காரணையின் 633 ஏக்கர்

தாது வருஷப் பஞ்சம் செங்கல்பட்டுச் சேரிகளை எப்படித் துடைத்துப் போட்டது என்று சென்ற இதழில் பார்த்தோம். 1878க்குப் பிறகு மழை வந்தது, ஏரிகள் நிரம்பின. பிழைக்கப் போனவர்களில் உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வந்த இடத்தில் ஒரு குடிசை நிற்கும் அளவுக்கு மண் இருந்தது. அந்த மண்ணும் அவர்களுடையது இல்லை.

இதை முதன்முதலில் அரசாங்கக் காகிதத்தில் விலாவாரியாக எழுதி வைத்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. ஜேம்ஸ் திரமென்ஹீர் என்று பெயர். செங்கல்பட்டு ஜில்லாவின் பொறுப்புக் கலெக்டராக இருந்தபோது, 1891 அக்டோபரில், இந்த ஜில்லாவின் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பினார். ஜில்லாவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள்தான். நெல் விளைந்ததெல்லாம் அவர்கள் உழைப்பில். நிலம் இருந்ததோ மிராசுதாரர் கையில்.

மிராசு என்பது ஊர் நிலத்தின்மேல் சில குடும்பங்களுக்கு இருந்த பரம்பரை உரிமை; அதைப் பற்றி முந்தைய அத்தியாயங்களில் நிறையவே பேசிவிட்டோம். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே கலெக்டர் ப்ளேஸ் துரை, அவர் காலத்திலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது தீராத தலைவலி. 1818இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் மிராசு உரிமையைப் பற்றி எழுதியதையும் பார்த்தோம். இப்போது நமக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு சங்கதி. ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்தை யாராவது பயிர் செய்ய விரும்பினால் தாலுகா கச்சேரியில் மனு கொடுக்க வேண்டும். அதற்குத் தர்க்காஸ்து என்று பெயர். மனு வந்ததும், அந்த நிலம் தனக்கு வேண்டுமா என்று முதலில் மிராசுதாரரைத்தான் கேட்பார்கள். வேண்டும் என்று அவர் சொன்னால் மனு போட்டவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மிராசுதாரர் அதில் ஏர் பூட்டுகிறாரா இல்லையா என்று பிறகு யாரும் கவலைப்படுவதில்லை. சேரிக்காரன் நிலம் கேட்டான் என்று தெரிந்த மறுநாளே அதுவரை யாரும் சீந்தாத கட்டாந்தரைக்கு மிராசுதாரர் வீட்டில் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வரும். மனுவை வாங்கி விசாரித்து எழுதும் கர்ணமும் மணியக்காரரும் பெரும்பாலும் மிராசுதாரருக்கு மாமனோ மச்சானோ.

திரமென்ஹீர் இதைச் சொன்னார். ஆனால் அவருடைய அறிக்கையில் இதைவிடக் கனமான விஷயம் வேறொன்று உண்டு. அது வீடு. சேரி நிற்கும் நத்தமும் மிராசுதாரர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட மண்ணில் இருந்தது. படியாளாக, அதாவது கடனுக்குக் கட்டுப்பட்ட பண்ணையாளாக, இருப்பவன் கூலியைக் கூட்டிக் கேட்டாலோ, பக்கத்து ஊரில் வேலைக்குப் போனாலோ, தர்க்காஸ்து மனு போட்டாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை போதும். அடிமை முறையைச் சட்டம் 1843இலேயே கைகழுவிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றம் ஆக்கிவிட்டது. ஆனாலும் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய சொற்பக் கடனுக்காக ஒருவன் ஆயுசு முழுக்கப் படியாளாக உழைத்தான், அவன் செத்தால் அந்தக் கடன் மகன் தலையில் ஏறியது. காலில் சங்கிலி போட வேண்டிய அவசியமே இல்லை. வீடு யார் கையில் இருந்ததோ அவர் கையில் ஆளும் இருந்தான்.

இந்த இடத்தில் கடல் தாண்டி ஒரு பார்வை பார்க்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவிலும் அரசாங்கம் தரிசு நிலத்தைச் சாதாரணக் குடியானவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1862 மே 20ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் அது. 21 வயதான யாரும், கல்யாணமாகாத பெண் உட்பட, 160 ஏக்கருக்கு மனு போடலாம். செலவு சில டாலர் கட்டணம்தான். நிபந்தனை ஒன்று உண்டு. அந்த நிலத்திலேயே வீடு கட்டி, ஐந்து வருஷம் குடியிருந்து, பயிர் செய்ய வேண்டும். செய்தால் நிலம் சொந்தம். புல்வெளியில் மரம் கிடைக்காது என்பதால் புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பி வாழ்ந்தார்கள். கிட்டத்தட்ட 16 லட்சம் பேர் இப்படி நிலம் பெற்றார்கள். மொத்தம் 27 கோடி ஏக்கர், அந்த நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

அந்தக் குடும்பங்களின் முதல் நிலங்களை இன்று அமெரிக்கர்கள் கோயில் மாதிரி போய்ப் பார்க்கிறார்கள். நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் என்ற ஊருக்கு அருகே, 1863 ஜனவரி 1 அன்று மனு போட்ட டேனியல் ஃப்ரீமனின் நிலம் தேசிய வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது. தெற்கு டகோட்டாவில் டி ஸ்மெட் என்ற சிற்றூரில், குழந்தைகளுக்குக் கதை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரின் தகப்பனார் 1880இல் பிடித்த நிலத்தையும் அவர் நட்ட மரங்களையும் பார்க்க வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

அந்த நிலமும் சும்மா கிடந்த நிலம் இல்லை. அங்கே ஏற்கெனவே பழங்குடிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் துண்டு துண்டாகப் பட்டா கொடுக்கிறோம் என்று 1887இல் டாவ்ஸ் சட்டம் வந்தது. பட்டா கொடுத்தால் ஏமாற்றி வாங்கிவிடுவார்கள் என்று 25 வருஷத்துக்கு விற்கக்கூடாது என்ற தடையும் போட்டார்கள். தடை இருந்தும் என்ன ஆயிற்று? 1887இல் பழங்குடிகள் கையில் இருந்த 13.8 கோடி ஏக்கர், 1934இல் 4.8 கோடியாகச் சுருங்கியது. ஆக ஒரே நாட்டில் இரண்டு கதை. ஃப்ரீமனுக்குக் கிடைத்தது சொந்தமாக நின்றது. பழங்குடிக்குக் கிடைத்தது பாதுகாப்பு நிபந்தனையோடு சேர்ந்தே காணாமல் போனது. செங்கல்பட்டில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது கதைதான் நமக்கு உதவும்.

இங்கே திரமென்ஹீர் அறிக்கை சென்னை ரெவின்யூ போர்டுக்குப் போயிற்று. போர்டு அதை ரசிக்கவில்லை. கலெக்டர் மிகைப்படுத்துகிறார், ஊர் அமைதியைக் கெடுக்கிறார் என்கிற தோரணை. ஆனால் வெளியே சத்தம் அதிகமாக இருந்தது. 1891-92இல் ஜில்லாவில் மறுபடி வறட்சி. ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் சேரி மக்களின் நிலக்கோரிக்கையைப் பத்திரிகைக்கும் அரசாங்கத்துக்கும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். சேரிக்குள்ளிருந்தே குரல் எழுந்த காலமும் அதுதான். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே பத்திரிகைக்கு வைத்த துணிச்சலை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பல பேர் திரமென்ஹீரைத் தேவதூதராக்கிவிட்டு சீனிவாசனை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. எண் 1010, 1010ஏ. தரிசு நிலங்களில் ஒரு பகுதியைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கலாம் என்ற வழி அதில் திறந்தது. பின்னால் ரெவின்யூ போர்டின் நிலையாணைகளில் சேர்ந்த நிபந்தனைகள் இவை: பட்டா பெற்றவர் முதல் பத்து வருஷத்துக்கு நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, தானமாகக் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பத்து வருஷம் கழித்துக் கைமாறினாலும் அந்த வகுப்பினருக்குத்தான் மாற்றலாம். மீறினால் நஷ்டஈடு இல்லாமல் அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இப்படிக் கொடுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். தாலுகா ஆபீஸ் பாஷையில் டி.சி. (டிப்ரெஸ்டு கிளாஸ்) நிலம்.

மிஷன்காரர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் பெயரிலேயே தர்க்காஸ்து போட்டு நிலம் வாங்கிக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே வெளியூர் வாசனை. அது ஆண்ட்ரூவின் முயற்சியில் உருவான குடியேற்றம். அமெரிக்கப் புல்வெளியோடு ஒப்பிடத் தகுந்த இடம் இந்த ஜில்லாவில் உண்டென்றால் அது இதுதான். காரணம் நிலத்தோடு சேர்த்து வீட்டுமனையும் அங்கே கொடுத்தார்கள். படியாள் சேரியை விட்டு வெளியே வந்து, மிராசுதாரர் கை நீளாத ஒரு மண்ணில் சுவர் எழுப்பினான். பதிலுக்கு மிஷனின் ஒழுங்குக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் கட்டுப்பட வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. எஜமான் மாறினார் என்று சிலர் சொல்வார்கள். வீட்டைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லாத எஜமான் எவ்வளவோ மேல்.

மற்ற ஊர்களில் அரசாங்கம் கொடுத்தது வெறும் வயல். வயல் என்றும் சொல்ல முடியாது. ஏரிப் பாசனத்துக்கு எட்டாத மேட்டாங்காடு, ஈச்சமும் கள்ளியும் முளைத்த செம்மண், கடற்கரைப் பக்கம் என்றால் மணல்தரை. மாடு இல்லை, விதை இல்லை, கிணறு வெட்டப் பணம் இல்லை. வாங்கியவன் தன் நிலத்தை உழுவதற்கு மிராசுதாரர் வீட்டு மாட்டைத்தான் கேட்க வேண்டும். ராத்திரி படுப்பது மிராசுதாரர் நத்தத்தில். 1920இல் லேபர் டிபார்ட்மெண்ட் வந்து சேரிகளுக்கு மனைப்பட்டா கொடுக்கும் வேலையைத் தொடங்கும் வரை இந்த வீட்டுமனை விவகாரம் இழுபறியாகவே கிடந்தது. அமெரிக்கச் சட்டம் வீட்டைக் கட்டு, நிலம் தருகிறேன் என்றது. சென்னை அரசாங்கம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பழைய இடத்திலேயே விட்டது. பஞ்சமி நிலம் கைநழுவியதன் ஆணிவேர் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எப்படி நழுவியது என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. வைத்தியச் செலவுக்கு வாய்மொழியாகப் போக்கியம். பத்து வருஷம் கழித்து மூட்டை நெல்லுக்கு ஈடாகப் பத்திரம். பத்திரத்தில் வகுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பதிவு ஆபீஸில் எழுதுகிறவர் கேட்க வேண்டியவர், கேட்கவில்லை. நிபந்தனையைக் காக்க வேண்டிய கர்ணமே பல ஊர்களில் வாங்கியவருக்குச் சொந்தம். சில இடங்களில் வாங்கினவர் ஊர்க்காரர்கூட இல்லை, பட்டணத்து ஆள். சவுக்குப் போட்டு விறகாக்கி விற்றார். பின்னால் 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய ஏடுகளைப் புது ஏட்டுக்கு மாற்றி எழுதினார்கள். டி.சி. என்ற குறிப்பு பல ஊர்களில் அப்போதுதான் விடுபட்டது என்று பஞ்சமி நில மீட்புக்காக உழைக்கிறவர்கள் சொல்கிறார்கள். மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்பது அவர்கள் கணக்கு. அரசாங்கக் கணக்கு அதைவிட மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே ஒரு பெரிய ஜமீன்.

இப்படி நிலம் நழுவிய ஊர்களில் ஒன்று, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள காரணை என்ற கிராமம். அங்கே பஞ்சமி நிலம் 633 ஏக்கர். அது மற்றவர்கள் கைக்குப் போயிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடற்கரை நிலத்தின் மதிப்பு ஏறத் தொடங்கிய சமயத்தில், சேரி இளைஞர்கள் தாத்தா காலத்துக் காகிதங்களைத் தேடி எடுத்து, இந்த நிலம் யாருக்குக் கொடுத்தது என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1994இல் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலை ஒன்றை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. ஆட்கள் கைதானார்கள். இதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் மக்கள் திரண்டபோது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். திரமென்ஹீர் அறிக்கை எழுதி 103 வருஷம் ஆகியிருந்தது. அதே ஜில்லா, அதே நிலப்பிரச்சினை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பக்கத்தைச் சுற்றிப் பார்க்கலாம். ஏரி, அதற்குக் கீழே நெல், மேட்டில் வேப்பமரம், பிறகு திடீரென்று வரிசையாக நட்ட மஞ்சள் கல். மனைப்பிரிவுகளுக்குக் கிரேக்க தேவதைகள் பெயரும் தோட்டப் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். கடற்கரைச் சாலையை நெருங்க நெருங்கச் சுற்றுச்சுவர் உயர்ந்துகொண்டே போகும். உள்ளே நீச்சல் குளம் இருக்கிறதா, சவுக்குத் தோப்பு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. நான் போனபோது ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்த முதியவரிடம், “ஐயா, பஞ்சமி நெலம்னு சொல்றாங்களே, அது எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். அவர் கையை ஒரு திசையில் நீட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். “எங்கப்பாரு இங்க கேழ்வரகு வெதச்சாரு சார். நீங்க எந்த ஆபீஸு?” என்றார். ஆபீஸிலிருந்து வரவில்லை, பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றதும் அவருக்கு என்மேல் இருந்த ஆர்வம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆபீஸிலிருந்து வருகிறவர்களுக்காகத்தான் அவர்கள் தலைமுறைகளாகக் காத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் முதல் மனுக்காரரின் நிலத்துக்கு வழிகாட்டும் பலகை உண்டு. இங்கே முதல் தர்க்காஸ்துக்காரர் வெட்டிய கிணறு எது, அவர் வைத்த பனைமரம் எது என்று காட்ட ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சர்வே எண் மட்டும் மாறாமல் இருக்கிறது. மாமல்லபுரத்துக் கல்ரதங்களைப் பார்க்க வருகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் இந்த மண்ணின் வேறொரு வரலாற்றின் வழியாகத்தான் வந்தோம் என்று அறிவார்கள்? தெரிந்துகொள்ள அவர்களுக்கு எந்த ஏற்பாடும் இல்லை என்பதால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவருக்கும் அஞ்சலி செலுத்தப்படுகிறது. இந்த வரலாற்றுக்கு இப்போதைக்கு உள்ள பலகை அதுதான்.

சட்டத்தில் கதவு அடைபடவில்லை. பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எத்தனை கை மாறினாலும் நிபந்தனை நிலத்தைவிட்டு நீங்காது என்பதே அதன் சாரம். 2011 ஜனவரியில் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் தமிழக அரசு ஒரு குழுவையும் அமைத்தது. ஆட்சி மாறியதும் அது முடங்கியது. இன்னொரு குழு வருவதற்குள் இன்னும் கொஞ்சம் நிலம் மனையாகிவிடும். இதைச் சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், திருப்போரூர் தாலுகாக்களில் உள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்து நிபந்தனைப் பட்டாவோ, கிஸ்தி ரசீதோ கிடந்தால் எலிக்கும் கரையானுக்கும் விடாதீர்கள். முதலில் நகல் எடுத்து வையுங்கள். அதில் உள்ள பழைய சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு ஏ பதிவேடு எனப்படும் கிராம நிலப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். பழைய பதிவேடு, புதுப் பதிவேடு இரண்டையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினால் குறிப்பு எங்கே விடுபட்டது என்று தெரியாது.